குணமாகிவிட்ட முட்டு

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை என்று ஒன்று உண்டு. எக்ஸ்ரே மட்டும்தான் கிடையாது. இயந்திரம் பழுதாயிற்று. பழுது பார்க்க ஒருவர் வந்தார், பழுதைப் பார்த்தார், பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டார், திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் கால் ஒடிந்த நாற்காலிகள் குடியிருந்தன. கால் ஒடிந்த மனிதர்கள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அறைக்கு விடிவு காலம் பிறந்தது மகிழ்ச்சியால். எந்த நாட்டிலோ யாரோ ஆராய்ச்சி செய்து, மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு நோய் குறைவாக வருகிறது, வந்தாலும் சீக்கிரம் ஆறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மழை நாளில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் சாப்பிட்டு, கடன்காரன் யாரும் கதவைத் தட்டாமல் ஒரு தூக்கம் போட்டு எழும்பியவனுக்கு அந்த உண்மை ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். ஆனால் ஒரு உண்மை ஆபீசுக்குள் நுழைந்துவிட்டால் அதன் கதி வேறு. மகிழ்ச்சியானவனுக்கு நோய் வராது என்றால், நோய் வந்தவன் மகிழ்ச்சி இல்லாதவன். மகிழ்ச்சியாக இருக்க வேண்டாம் என்று அவனை யாரும் தடுக்கவில்லை. ஆகவே நோய் அவனுடைய சொந்தக் குற்றம். இப்படி மூன்றே வரியில் ஆஸ்பத்திரியைக் கைகழுவ ஒரு வழி கிடைத்ததும், அதை நடத்துவதற்கு மகிழ்ச்சிவழி நலவாழ்வு இயக்ககம் என்று ஒன்று முளைத்தது.

எக்ஸ்ரே அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். நாற்காலிகளை வெளியேற்றினார்கள். பலூன் கட்டி, வாசலில் 'மகிழ்ச்சிப் பிரிவு' என்று எழுதினார்கள். எந்த நோயாளியும் முதலில் அங்கே போய் மஞ்சள் சீட்டு வாங்கிக்கொண்டுதான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மகிழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பிரைட்டன் என்ற இளைஞரைப் போட்டார்கள். குலசேகரத்துப் பையன், நல்ல படிப்பு, சட்டைப்பையில் எப்போதும் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒட்டிய பேனா. அவர் மேசையில் மகிழ்மானி என்ற கருவி இருந்தது. அது முகத்தைப் பார்த்து, தெரிகிற பல்லை வைத்து மகிழ்ச்சியை அளக்கும். பல் இல்லாத ஒரு பெரியவர் எவ்வளவு சிரித்தும் அதில் தேறவில்லை. பல் கட்டிக்கொண்டு வரும்படி பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். பல் பிரிவில் மஞ்சள் சீட்டு கேட்டார்கள். அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி.

இந்த அறைக்குத்தான் செல்வதாஸ் தன்னுடைய வலது முழங்கால் முட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

செல்வதாஸ் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு எஸ்டேட்டில் சரிவான ஒரு பிளாக் அவர் பொறுப்பு. மழை பிடித்து வெட்டு நிற்பதற்கு முந்தைய நாள், பாலோடு இறங்கும்போது ஈரச் சருகில் கால் வழுக்கி முட்டு மடங்கி விழுந்துவிட்டார். முட்டு, மட்டை பொதிக்காத தேங்காய் அளவுக்கு வீங்கியது. அவர் மனைவி நேசம்மாள் வீட்டுக்குப் பின்னால் நின்ற காப்பிச் செடியில் நேராக ஒரு கம்பு வெட்டி, பட்டை உரித்துக் கையில் கொடுத்தாள். எஸ்டேட் சூப்பர்வைசர், மழை விட்டு வெட்டு தொடங்கும்போது கால் சரியாகவில்லை என்றால் பிளாக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். பிளாக் போனால் செல்வதாஸுக்கு வேறு தொழில் தெரியாது. மழை விடுவதற்குள் முட்டு சரியாக வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தேவை.

பிரைட்டன் எழுந்து நின்று கைகுவித்தார். "வாங்க அய்யா. நீங்க மகிழ்ச்சியா இருக்கீங்களா?"

இங்கேதான் செல்வதாஸ் தப்புச் செய்தார். தப்பு அவருடையது மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பழக்கிய பழக்கம். அந்நியர் ஒருவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குறை சொன்னால் கொடுத்தவருக்கு நன்றி இல்லை என்று ஆகிவிடும். செல்வதாஸின் தகப்பனார் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது பார்க்க வந்த பாஸ்டரிடம் "நல்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

"கர்த்தருக்க கிருபையால ஒரு கொறையும் இல்ல சாறே. நல்ல சந்தோஷமாட்டு இருக்கேன்" என்றார் செல்வதாஸ். சொல்லும்போது வாய் நிறையச் சிரித்தார். வரிசையான பல்.

மகிழ்மானி கிணுகிணுவென்று மணி அடித்தது.

"அருமை! நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் பிரைட்டன்.

"சாறே, எனக்க முட்டு?"

"மகிழ்ச்சியா இருக்கிறவங்களுக்கு நோய் கிடையாது அய்யா. அது விஞ்ஞானம். நீங்க மகிழ்ச்சியா இருக்கிற விஷயம் முட்டுக்கு இன்னும் போய்ச் சேரலை. சேர்ந்ததும் வீக்கம் வத்திரும்."

செல்வதாஸ் படித்தவர்கள் சொன்னதை மறுத்துப் பழகாதவர். முட்டுக்குச் செய்தி போய்ச் சேரட்டும் என்று வீட்டுக்கு வந்து காத்திருந்தார். மழைதான் பெய்தது.

நேசம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கிருபையைச் சர்ச்சுல சொல்லணும். ஆஸ்பத்திரியில நோவைச் சொல்லணும். இது கூடவா தெரியாது? எழும்புங்க, நானும் வாறேன்."

இரண்டாம் முறை நேசம்மாள் சொல்லிக் கொடுத்தபடி செல்வதாஸ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். "ஒரு சந்தோஷமும் இல்ல சாறே" என்றார். சொல்லிவிட்டு மேலே பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிரைட்டனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, காரணம் கிடைச்சிட்டுது! துக்கம்தான் முட்டுல போய்த் தங்கியிருக்கு. நாளையிலேருந்து சிரிப்பு வகுப்புக்கு வாங்க."

"விழுந்ததாக்கும் காரணம்" என்றாள் நேசம்மாள். "சருகுல வழுக்கி விழுந்தாரு."

"ஏன் விழுந்தாரு? மகிழ்ச்சியா நடக்கலை. அதான் விழுந்தாரு."

நேசம்மாளுக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, மகிழ்மானி அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

சிரிப்பு வகுப்பு கொடிக் கம்பத்தடியில் நடந்தது. மழை தூறினால் குடையோடு சிரிக்க வேண்டும். காய்ச்சல்காரர்கள் முன்வரிசை, கை கால் ஒடிந்தவர்கள் நடுவரிசை, குடலிறக்கக்காரர்கள் பின்வரிசை. குடலிறக்கக்காரர்கள் மட்டும் கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரிக்கலாம் என்று சலுகை. முதலில் ஹோ ஹோ, பிறகு ஹா ஹா, கடைசியில் குதித்துக்கொண்டு ஹீ ஹீ. செல்வதாஸ் ஒற்றைக் காலில் குதித்தார். காது வலி என்று வந்த ஒரு அம்மாவுக்கு எல்லாரும் சிரித்த சத்தத்தில் மறு காதும் வலித்தது. மழையில் நனைந்ததில் சளி பிடித்து, வகுப்புக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. இதை வரவேற்பு என்று மேலே எழுதியனுப்பினார் பிரைட்டன். டாக்டர் அறைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. ஊரில் நோய் குறைந்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டாக்டர் ஷைஜா டீ குடிக்க வெளியே வந்தபோது செல்வதாஸ் வழிமறித்தார். ஷைஜாவின் வெள்ளைக் கோட்டிலும் ஒரு மஞ்சள் மூஞ்சி ஒட்டியிருந்தது. கோட்டுக்கு மேலே இருந்த சொந்த மூஞ்சி அதற்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது. குனிந்து, வேட்டியை விலக்கி, முட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் முட்டைத் தொட்ட முதல் கை அது.

"அண்ணா, எலும்பா நரம்பான்னு படம் பாக்காம சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதணும்."

"எழுதித் தாருங்க டாக்டறம்மா."

"மஞ்சள் சீட்டு இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மகிழ்ச்சின்னு சீட்டு வந்தா நோய் இல்லன்னு மூடிரும். மகிழ்ச்சி இல்லன்னு வந்தா வகுப்புக்கு அனுப்பிரும்."

செல்வதாஸ் கம்பில் சாய்ந்து யோசித்தார். "அப்பம் ஆருக்காக்கும் சீட்டு கிட்டும்?"

ஷைஜாவும் யோசித்தாள். "இதுவரைக்கும் ஆருக்கும் கிட்டல்ல அண்ணா" என்றாள். டீ ஆறிப் போயிருந்தது.

மழை குறையத் தொடங்கியது. எஸ்டேட்டில் பால் பிடிக்க மரத்துக்குச் சிரட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செல்வதாஸ் தூக்கம் இழந்தார். அப்போதுதான் பிரைட்டன் வீடு தேடி வந்தார். இயக்ககத்தின் இயக்குநர் சுயம்புலிங்கம் சென்னையிலிருந்து நேரில் வருகிறாராம். பலன் பெற்றவர் ஒருவர் மேடையில் பேச வேண்டுமாம். பலன் பெற்றவர் என்று சொல்ல ஊரில் யாரும் அகப்படவில்லை.

"அய்யா சர்ச்சுல நல்லா சாட்சி சொல்லுவீங்களாமே. கொஞ்சம் கொறைஞ்சிருக்குன்னு சொன்னா போதும். டைரக்டர் நெனச்சா நேரா சீட்டுல கையெழுத்துப் போடலாம். நான் வாங்கித் தாறேன்" என்றார். பயத்தில் அவருக்கு ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. "எனக்க வேலையாக்கும் அண்ணாச்சி. கைவிடப்பிடாது."

செல்வதாஸ் சாட்சி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனையில், அந்த வருஷம் ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். மற்றவர்கள் சொல்லும்போது கொட்டாவி விடுகிற சபை, செல்வதாஸ் எழும்பினால் நிமிர்ந்து உட்காரும். பால் வெட்டும்போது அவர் காலடியில் ஊர்ந்து போன பாம்பு, முதல் வருஷம் ஒரு முழம் இருந்தது. பிறகு வருஷாவருஷம் வளர்ந்து இப்போது படமெடுத்து ஆளுயரத்துக்கு நிற்கிறது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கையில் மைக் வந்ததும், எதிரே "ஸ்தோத்திரம்" என்று குரல் எழும்பியதும், நன்மையைக் குறைத்துச் சொல்ல அவருக்கு வாய் வராது.

இது நேசம்மாளுக்குத் தெரியும். "கொஞ்சம் கொறஞ்சிருக்கு. இந்த ரெண்டு வார்த்தை. பாம்பை வளத்தது போல முட்டை வளக்கப்பிடாது, கேட்டியளா?" என்று விழாவுக்குப் புறப்படும்போதும் சொன்னாள், பந்தலில் உட்கார்ந்தபோதும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் பந்தல். தோவாளையிலிருந்து வந்த ஆளுயர மாலையில் இயக்குநர் சுயம்புலிங்கத்தின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் பேசினார்:

"பெரியோர்களே, மருந்து என்பது என்ன? தீர்ந்துபோகிற பொருள். உங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மகிழ்ச்சி தீருமா? தீராது. அதனால்தான் இனி மருந்து வாங்குவதில்லை என்ற துணிச்சலான முடிவை எடுத்தோம். டாக்டர் பற்றாக்குறை என்கிறார்கள். நான் கேட்கிறேன், டாக்டர் நிறைய இருந்தால் என்ன ஆகும்? நோய்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனிதன் எப்படி மகிழ்ச்சியாக இருப்பான்? என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். போன மாதம் எனக்கு நெஞ்சடைப்பு வந்தது. நான் கலங்கினேனா? இல்லை. காரணம், பத்து நிமிடத்தில் நகரத்திலேயே பெரிய தனியார் மருத்துவமனையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். குளிர்சாதன அறை. நான்கு டாக்டர்கள். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இருக்கிறதே! அந்த மகிழ்ச்சியில் நெஞ்சுவலி பறந்துவிட்டது. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். என்னால் மகிழ்ச்சியாக இருக்க முடிகிறது. உங்களால் ஏன் முடியவில்லை?"

கூட்டம் கைதட்டியது. சிரிப்பு வகுப்பில் கைதட்டவும் பழக்கியிருந்தார்கள்.

அடுத்து செல்வதாஸ். கம்பை ஊன்றி மேடை ஏறினார். பிரைட்டன் மைக்கைக் கொடுத்தார். செல்வதாஸ் நேசம்மாளைப் பார்த்தார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு வார்த்தை.

"எனக்கு அன்பானவங்களே" என்று தொடங்கினார். "எனக்க முட்டு நோவு கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் பந்தலின் பின்னாலிருந்து, அவருடைய சபைக்காரர் யாரோ, பழக்க தோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

செல்வதாஸின் கண் மூடியது. குரல் ஏறியது. "நான் ஒரு அடி எடுத்துவைக்க முடியாம கிடந்தேன்! வைத்தியன் கைவிட்டான்! டாக்டறம்மா கைவிட்டாங்க! கம்ப்யூட்டர் கைவிட்டுது!"

"ஸ்தோத்திரம்!" இப்போது நான்கைந்து குரல்.

"எழும்பப்பிடாதுன்னு சொன்ன கால் எழும்பிச்சு! நடக்கப்பிடாதுன்னு சொன்ன கால் நடந்துச்சு! இந்தக் கம்பு எனக்கு எதுக்கு?"

நேசம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அதற்குள் கம்பு மேடைக்கு வெளியே பறந்தது. செல்வதாஸ் கைகளை விரித்துக்கொண்டு மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். மூன்றாவது அடியில் முட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மைக்கிலும் கேட்டது. கூட்டம் அதையும் சேர்த்துக் கைதட்டியது. செல்வதாஸின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று இயக்குநர் மைக்கில் அறிவித்தார். எல்லாப் பக்கமும் செல்போன் படம் பிடித்தது.

இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அதனால்தான் செல்வதாஸ் கீழே விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காதில் சொன்னார், "சாறே, அந்தச் சீட்டு."

"எந்தச் சீட்டு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. முட்டுக்குப் படம் எடுக்க."

சுயம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்கள், பெரியோர்களே! குணமான பிறகும் என்ன எச்சரிக்கை, என்ன அடக்கம்! அய்யா, நல்ல முட்டுக்கு எதற்குப் படம்?"

மேடையின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்த ஷைஜாவின் கம்ப்யூட்டரில் 'குணமடைந்தார்' என்று பிரைட்டனே பதிந்தார். பதிந்ததை மாற்ற இயக்குநரின் இயக்குநரால்தான் முடியும். கம்பைத் தேடி எடுத்துவரச் சொல்லி, இயக்குநர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகிழ்ச்சிப் பிரிவில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும்படி உத்தரவிட்டார். நேசம்மாளும் சபைக்காரர் இருவரும் செல்வதாஸைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள்.

மறுநாள் வாட்ஸாப்பில் ஊரெல்லாம் செல்வதாஸ் நடந்தார். எஸ்டேட் சூப்பர்வைசரும் பார்த்தார். "கொள்ளாமே, நடக்கியரு. நாளைக்கே வெட்டுக்கு வாரும்" என்று போன் செய்தார். நாளை வந்தது. செல்வதாஸால் படுக்கையிலிருந்து எழும்ப முடியவில்லை. குணமான பிறகும் வேலைக்கு வராத சோம்பேறி என்று பெயர் கிடைத்தது. பிளாக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

செல்வதாஸ் அழுதார். அவர் வாய்விட்டு அழுது நேசம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை அவள் விழுங்கிவிட்டாள். காதில் கிடந்ததைக் கழற்றி மடியில் முடிந்தாள். மார்த்தாண்டத்தில் பணம் கொடுத்தால் படம் எடுப்பார்கள். "வாருங்க, முதல்ல கம்பை வாங்குவோம்" என்று அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

மஞ்சள் அறையில் காப்பிக் கம்பு கண்ணாடிக்குள் பூமாலையோடு இருந்தது. பிரைட்டன் அவர்களைப் பார்த்ததும் எழுந்து கைகுவித்தார். கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"கம்பைத் தாரும்" என்றாள் நேசம்மாள்.

"அது இப்பம் அரசாங்கத்துக்க சொத்து அக்கா. வேணும்னா, அண்ணாச்சிக்குக் கம்பு இல்லாம நடக்க முடியாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் வேணும்."

"டாக்டறம்மா தருவாங்க."

"தர முடியாது அக்கா. கம்ப்யூட்டர்ல குணமாயிட்டுதுன்னு இருக்கு."

நேசம்மாள் கண்ணாடிப் பேழையைப் பார்த்தாள். பிரைட்டனைப் பார்த்தாள். செல்வதாஸைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு வெளியே போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். அதில் செல்வதாஸ் கைகளை விரித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இயக்குநர். கீழே 'சிரித்தார், நடந்தார்' என்று எழுத்து. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு. நேசம்மாள் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு கம்பை மண்ணிலிருந்து அசைத்துப் பிடுங்கினாள். படத்தில் நடந்துகொண்டிருந்த செல்வதாஸ் சரியாக முட்டில் மடிந்து, இயக்குநரையும் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்தார்.

"பிடியுங்க" என்று கம்பை நீட்டினாள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் உறுதியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். வாட்ஸாப்பில் பார்த்த ஒரு பையன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, எப்பிடி இருக்கிய? நல்ல சொகமாயாச்சாமே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்வதாஸின் வாய் பழக்கப்படி விரிந்தது. கர்த்தருக்க கிருபையால என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் நேசம்மாள் காதில் தோடு கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள்.

"நோவுது மக்கா" என்றார் செல்வதாஸ். "நல்ல நோவுது. தாங்க முடியல்ல."

கூட்டத்தில் யாரோ எழுந்து அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். ஒருவர் காலை நீட்டி வைக்கத் தன் பையை முட்டுக்கு அடியில் வைத்தார். எந்த வைத்தியம் நல்லது என்று நான்கு பேர் சண்டை போடத் தொடங்கினார்கள். வலி ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனால் பல நாளைக்குப் பிறகு செல்வதாஸுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.